புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு: ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தீர்ப்பு வரை

என் சித்தப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர் கீழே தள்ளி மிதித்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சண்டை எதற்கென்றால், மழைத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கு. நடந்தது 2019-இல், தீர்ப்பு வந்தது 2024 கடைசியில். இடைப்பட்ட வருடங்களில் காவல் நிலையம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று அவரோடு அலைந்தவன் நான்தான். நான் வக்கீல் இல்லை. ஆனால் முதல் நாளே யாராவது இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் ஒரு சாதாரண அடிதடி வழக்கு எப்படி நகர்கிறது என்பதை வைத்தே சொல்கிறேன். திருட்டு, மோசடி எல்லாமே கிட்டத்தட்ட இதே தடத்தில்தான் போகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அமைப்பு தாளில் ஓடுகிறது. நீங்கள் பட்ட வலி, ஊர் முழுக்கப் பார்த்தது, எதிராளி யோக்கியதை எல்லாம் எங்காவது ஒரு தாளில், ஒரு தேதியோடு ஏறினால்தான் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் உங்களுக்கு ஒரு தாள் வர வேண்டும். அது என்ன தாள் என்று தெரிந்துகொண்டு, கையில் வாங்கிக்கொண்டு நகருங்கள்.

முதலில் ஆஸ்பத்திரி

அடிபட்டிருந்தால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவசரப் பிரிவு மருத்துவர் உங்களை விசாரித்து ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டில் எழுதுவார். எத்தனை பேர் அடித்தார்கள், தெரிந்தவரா தெரியாதவரா, கையாலா கட்டையாலா, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதெல்லாம் அதில் ஏறும். வழக்கிலேயே முதலில் உருவாகிற தாள் பெரும்பாலும் இதுதான், இதை யாரும் மதிப்பதில்லை. வீட்டில் பெரியவர்கள் "போலீஸ் கேசு வேண்டாம், வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடு" என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் மனசு மாறிப் புகார் கொடுத்தால், மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் வாசித்துக் காட்டுவார். இரண்டு பேர் அடித்திருந்தால் இரண்டு என்றே சொல்லுங்கள். கோபத்தில் ஐந்தாக்க வேண்டாம்.

தனியார் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் தவறில்லை, ஆனால் எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் பத்திரமாக வையுங்கள். எலும்பு முறிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வழக்கின் தலையெழுத்தே மாறும், அதற்கு இப்போது வருகிறேன்.

எந்தச் சட்டம்?

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்வது பாரதிய நியாய சன்ஹிதா, இது 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. கைது, ஜாமீன், விசாரணை எல்லாம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம். பெயர்கள் வாயில் நுழைய நாளாகும், கோர்ட்டு வளாகத்தில் வக்கீல்களே பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். கொலைக்கான பழைய 302 இப்போது 103, பழைய 420 இப்போது 318. ஊர்ப் பேச்சில் ஏமாற்றுக்காரன் இன்னும் ஃபோர் ட்வென்டிதான், அதை எந்த நாடாளுமன்றமும் மாற்ற முடியாது. குற்றம் நடந்த தேதி 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்றால் தண்டனைக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும். சித்தப்பா வழக்கு கடைசிவரை பழைய 325-இல்தான் நடந்தது. அதே சம்பவம் இன்று நடந்தால் 117(2).

ஓர் எலும்பு செய்யும் வேலை

குற்றங்கள் இரண்டு வகை. போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடியவை ஒரு வகை. நடுவர், அதாவது மாஜிஸ்ட்ரேட், உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாதவை இன்னொரு வகை. ஒருவர் உங்களைக் கன்னத்தில் அறைந்தார், வீங்கியது, அவ்வளவுதான் என்றால் அது 115(2), சாதாரணக் காயம், இரண்டாவது வகை. எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ அது கொடுங்காயம், 117(2), முதல் வகை, 7 ஆண்டு வரை தண்டனை. அரிவாள், கத்தி மாதிரி ஆயுதம் இருந்தால் பிரிவு 118-க்குப் போய் இன்னும் கனமாகும். காவல் நிலையத்தில் "இதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாதுங்க" என்று சொன்னால் அது சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம், சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பிரிவினை.

ஒரு வேடிக்கை. பழைய அடிதடி எஃப்.ஐ.ஆர். எதையாவது எடுத்துப் பாருங்கள், 294(பி), 323, 506(2) என்று மூன்று எண்கள் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். "ஆபாசமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து" என்ற வாசகம் எல்லாப் புகாரிலும் ஒரே அச்சில் வரும். இப்போது எண்கள் 296(பி), 115(2), 351 என்று மாறியிருக்கின்றன, வாசகம் அப்படியேதான். காரணம் இருக்கிறது. பல குற்றங்கள் சேர்ந்த வழக்கில் ஒன்றாவது முதல் வகையாக இருந்தால் மொத்த வழக்கையும் போலீஸ் விசாரிக்கலாம். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது முதல் வகை. அதனால் அறை வாங்கியவர் எல்லாரும் ஆபாசத் திட்டும் வாங்கியவர்களாகிவிடுகிறார்கள். ஆனால் கெட்ட வார்த்தை எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நடக்காததை நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் சொல்கிறார் என்று எழுதாதீர்கள், பின்னால் கூண்டில் ஏறி நிற்கப்போவது அவர் இல்லை.

புகார், சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர்.

புகாரைத் தமிழில், உங்கள் மொழியில் எழுதுங்கள். யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், யார் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிக்கு எப்போது போனீர்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம் போதும். பத்து வருடப் பகையை எல்லாம் அதில் கொட்டினால் முக்கியமான வரி காணாமல் போய்விடும். தாமதமாகக் கொடுக்கிறீர்கள் என்றால் ஏன் தாமதம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள்.

கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள், அதன் பெயர் சி.எஸ்.ஆர். இதுதான் புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் விழும் குழி, நாங்களும் விழுந்தோம். முத்திரை, எண், கையெழுத்து எல்லாம் பார்த்துவிட்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு ரசீது மட்டும்தான். அதை வைத்து இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், சமாதானமாகப் போகச் சொல்வார்கள், எழுதி வாங்கிக்கொண்டு முடிப்பார்கள். வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவாகி, அதற்குக் குற்ற எண் விழுந்த பிறகுதான்.

முதல் வகைக் குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. புதிய சட்டம் இதில் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் ஒரு முன்விசாரணை செய்துகொள்ளலாம். எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று விரட்டுவதற்கு இடமில்லை. எந்த நிலையத்திலும் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். பதியலாம், அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே நின்று சம்பவத் தேதி, நேரம், பெயர்கள், பிரிவுகள் சரியா என்று படியுங்கள்.

பதிய மறுத்தால் சண்டை போடாதீர்கள். அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்தச் சான்று கைக்கு வந்ததும் கோப்பில் சேருங்கள். அப்புறமும் அசையவில்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தில் பிரிவு 175(3)-இன் கீழ் மனு, பிரமாணப் பத்திரத்தோடு. எஸ்.பி.க்கு அனுப்பிய சான்று இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வரதட்சணை, கணவன் வீட்டுக் கொடுமை மாதிரியான புகார்கள் என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். தமிழ்நாட்டில் முதலாவது 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. ஆன்லைனில் பணம் பறிபோனால் நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த முடிந்தால் அதுதான் லாபம்.

"அவனை ஏன் உள்ளே தள்ளல?"

எஃப்.ஐ.ஆர். போட்ட மறுநாளும் எதிராளி எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து சித்தப்பாவுக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. போலீஸ் காசு வாங்கிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். விஷயம் வேறு. கைது என்பது தண்டனை இல்லை. 117(2) ஜாமீனில் விடத்தக்க குற்றம், அதாவது ஜாமீன் அவர் உரிமை, நிலையத்திலேயே பிணை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தேவையில்லை என்றால் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்பதும் சட்டம். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது.

கனமான குற்றங்களில் கைது நடந்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அவர் ரிமாண்ட் செய்தால் சிறை. ஜாமீன் கிடைத்தாலும் பெரும்பாலும் கண்டிஷன் பெயில்தான், தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்து என்று நாளிதழில் படித்திருப்பீர்களே, அது. போலீஸ் 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் உள்ளே இருப்பவர் ஜாமீனைத் தன் உரிமையாகக் கேட்கலாம். 10 ஆண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, மரண தண்டனையோ உள்ள குற்றம் என்றால் 90 நாள். பெரிய வழக்கில் குற்றவாளி வெளியே வந்துவிட்டான் என்று செய்தி பார்த்தால், பல நேரம் இந்தக் கணக்கில் யாரோ கோட்டை விட்டிருப்பார்கள்.

இதற்குள் இன்னொன்று நடக்கும். எதிர்த்தரப்பும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து உங்கள் மேல் ஒரு புகார் கொடுப்பார்கள். எதிர் வழக்கு. பதறாதீர்கள், அடிதடி வழக்கில் இது எழுதாத விதி. உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் தலைமறைவாகாமல் அந்தத் தேதியில் போய் நில்லுங்கள். உங்களைக் கைது செய்தால், என்ன காரணத்துக்காகக் கைது என்று போலீஸ் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் அவரை அருகில் வைத்துக்கொள்ள முடியாது. உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. மருத்துவரும் நடுவரும் "அடித்தார்களா?" என்று கேட்பது சடங்கு இல்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த பிறகு அந்தக் கேள்விகளின் எடை தமிழ்நாட்டுக்கே தெரிந்தது. அடிபட்டிருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

புலன்விசாரணை

விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கு வந்து, அங்கே கண்டதை எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிப்பார். சாட்சிகளை விசாரித்து வாக்குமூலம் எழுதுவார். போலீஸ் எழுதும் இந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பதே சட்டம், ஆகவே வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும். 2019-இல் இருந்த பழைய சட்டத்தில் இந்த வரம்பு 65, சித்தப்பாவுக்கு அப்போது வயது 64. கட்டுப்போட்ட கையோடு ஐந்து முறை பஸ் ஏறினார்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. முடிவில் குற்றப்பத்திரிகை, இல்லையென்றால் வழக்கை மூடும் அறிக்கை. மூடினால் உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வரும், இங்கே அதை ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு பீரோவில் வைத்துவிடாதீர்கள். உடன்பாடு இல்லையென்றால் நடுவர் முன் ஆட்சேப மனு போட வேண்டிய நேரம் அதுதான்.

கோர்ட்டு

குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுத்ததும் வழக்குக்குப் புது எண் விழும். நடுவர் நீதிமன்றம் என்றால் சி.சி. எண், அமர்வு நீதிமன்றத்துக்குப் போனால் எஸ்.சி. எண். பழைய குற்ற எண்ணைச் சொல்லிக்கொண்டு கோர்ட்டு அலுவலகத்தில் நின்றால் அவர்களுக்கும் எரிச்சல், உங்களுக்கும் எரிச்சல். 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்றும் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

புகார்தாரர் வக்கீல் வைக்கத் தேவையில்லை, உங்களுக்காக அரசு வழக்கறிஞர் நடத்துவார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பும் கிடையாது. தொலைபேசி எண் 15100.

அப்புறம் வாய்தாக்கள். ஒரு தரப்பின் கையை மீறிய காரணம் இருந்தால்கூட இரண்டு முறைக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாது என்கிறது சட்டம். சட்டத்தில் எழுதியிருப்பதைச் சொன்னேன், சித்தப்பா வழக்கில் நான் எண்ணியது முப்பத்தேழு.

சாட்சி சொல்லும் நாளில் காலை 10.30-க்கு முன்னால் போய் அரசு வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த புகாரை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்குள் மூன்று நான்கு வருடம் ஓடியிருக்கும். டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிடுவார். சினிமாவில் வருவதுபோல் நீதிபதி சுத்தியால் தட்டமாட்டார், யாரும் மேசையைக் குத்தி வசனம் பேசமாட்டார்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நீதிபதி தட்டச்சருக்குச் சொல்லி எழுதவைப்பார், ஆகவே மெதுவாகப் பேசுங்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் "நீங்களே தடுக்கி விழுந்தீர்கள் என்றால் சரிதானே?" என்பார். கோபப்படாதீர்கள், அது அவர் வேலை. "இல்லை" என்று சொன்னால் போதும். அது "என்று சொன்னால் சரியல்ல" என்று பதிவாகும். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மா, போலீசிடம் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னவர், கூண்டில் ஏறியதும் எதையும் பார்க்கவில்லை என்றுவிட்டார். பிறழ் சாட்சி. எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை, அவர் இன்னும் அதே தெருவில்தானே குடியிருக்க வேண்டும். அன்றைக்கு வழக்கைத் தாங்கிப் பிடித்தது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரும் எக்ஸ்ரேயும்தான்.

நடுவில் யாராவது சமரசம் பேச வருவார்கள். சிறு குற்றங்களில் சட்டமே அதற்கு இடம் தருகிறது, மனசிருந்தால் தாராளமாகப் போங்கள், ஆனால் கோர்ட்டில் பதிவு செய்து முடியுங்கள். டீக்கடையில் பேசி முடித்துவிட்டுச் சாட்சி சொல்லப் போகாமல் இருந்தால் உங்களுக்கே பிடிவாரண்ட் வரலாம். கொலை, பாலியல் வன்முறை மாதிரியான குற்றங்களில் சமரசம் என்ற பேச்சே சட்டத்தில் இல்லை.

தீர்ப்பு வந்த பிறகு

நியாயமான சந்தேகம் கொஞ்சம் மிஞ்சினாலும் அதன் பலன் எதிரிக்குத்தான். கோர்ட்டு மொழியில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், உங்கள் பகைவர் என்ற அர்த்தத்தில் இல்லை. 7 ஆண்டு வரை தண்டிக்கலாம் என்று பிரிவு சொன்னாலும், முதல் வகுப்பு நடுவர் அதிகபட்சம் 3 ஆண்டுதான் கொடுக்க முடியும். எங்கள் வழக்கில் நீதிமன்றம் கலையும் வரை சிறை, அப்புறம் அபராதம், அதில் ஒரு பகுதி சித்தப்பாவுக்கு இழப்பீடு. எதிரி மாலை வரை கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். இதற்கா இத்தனை வருடம் என்றால் எனக்கும் பதில் தெரியாது. ஆனால் சித்தப்பா தீர்ப்பின் நகலை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

எதிரி விடுதலையாகியிருந்தால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், 2009-இன் கடைசி நாளிலிருந்து அந்த உரிமை இருக்கிறது. தண்டனை பெற்றவர் நடுவர் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். இரண்டு தரப்புக்கும் தேவை தீர்ப்பின் சான்றிட்ட நகல். தீர்ப்பு வாசித்த அன்றே நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். நகல் தயாராக எடுத்துக்கொண்ட நாட்களைக் கெடுவில் கழித்துவிடுவார்கள், நீங்கள் மனுப்போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களைக் கழிக்கமாட்டார்கள்.